வலிக்கிற பக்கம் போகாதீங்க, சொகமா இருக்கற பக்கம் போங்க: வீட்லயே செய்யற சோட்டாய்ங்கற ஜப்பான் பயிற்சி

கடலூர்லேருந்து பாண்டிக்கு தெனமும் வண்டில போய்ட்டு வர்றவங்களுக்கு நான் எந்த வலியப் பத்திப் பேசறேன்னு சொல்லவே வேணாம். மஞ்சக்குப்பத்துல கெளம்புனா ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு ஊருக்கு ஊரு வேகத்தடை, ஒவ்வொண்ணுலயும் இடுப்பு ஒரு தடவ எழும்பி உக்காரும், முதலியார்பேட்டை தாண்டி ஆபீஸ் வாசல்ல வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு நான் நிமுந்து நிக்கறதுக்குள்ள வாட்ச்மேன் அண்ணன் ரெண்டு தடவ குட்மார்னிங் சொல்லி முடிச்சிருப்பாரு. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னாடி டேலில கணக்கு வேலை, திரும்பவும் அதே ரோடு. இப்படியே ஆறு வருஷம்.

ஒரு நாள் காலைல பாத்ரூம்ல பக்கெட்டத் தூக்கக் குனிஞ்சேன், பிடிச்சிக்கிச்சு. அவ்ளோதான், குனிஞ்சது குனிஞ்சபடி. அன்னைக்கு வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னாங்க, எங்க அம்மா அது வாயுப் பிடிப்பு பூண்டு சுட்டுத் தரேன்னாங்க, பக்கத்து வீட்டு அக்கா வெளக்கெண்ணெய் போட்டு சுளுக்கு வழிக்கற ஒரு பாட்டிய கூட்டிக்கிட்டு வந்தாங்க, எதிர்வீட்டுத் தாத்தா ஒரு படி மேல போய் கால் முன்னாடி வந்து பொறந்தவங்க யாராவது மிதிச்சா ஒரே மிதில சரியாப்போயிடும்னு ஆள் தேட ஆரம்பிச்சிட்டாரு. நல்லவேளை அந்தத் தெருவுல எல்லாரும் தல முன்னாடிதான் வந்து பொறந்திருக்காங்க.

டாக்டர்கிட்ட காமிச்சேன், எக்ஸ்ரே எடுத்தாரு, எலும்புல ஒண்ணும் இல்ல மசில் பிடிப்புதான்னு அஞ்சு நாள் மாத்திரை குடுத்தாரு, கொறஞ்சுது. ஆனா முழுசாப் போகல. ஜிம்முக்குப் போற சித்தப்பா பையன் வந்து "அண்ணே, டைட்டா இருக்கறதுதான் பிரச்சன, நல்லா ஸ்ட்ரெச் பண்ணு, வலிச்சாலும் பரவால்ல"ன்னு சொல்லி குனிஞ்சு காலத் தொடச் சொன்னான். தொட்டேன். மறுபடியும் மூணு நாள் லீவு.

அதுக்கப்புறம்தான் ஆரோவில் பக்கம் வேலை பாக்கற ஒரு சிநேகிதர் இந்த சோட்டாய் சமாச்சாரத்த காட்டிக்குடுத்தாரு. ஜப்பான் உச்சரிப்புக்கு சோத்தாய்னு எழுதறதுதான் கிட்டக்க வரும், ஆனா அப்படி எழுதினா எனக்கு சோறுதான் ஞாபகம் வருது, அதனால சோட்டாய்னே வெச்சுக்கறேன். ஜப்பான்ல உடற்பயிற்சிக்கு டாய்சோன்னு பேரு. 1928-லேருந்து ரேடியோவுல பியானோ வாசிச்சு அதுக்கேத்த மாதிரி ஊரே சேர்ந்து கையக் கால ஆட்டற ரேடியோ டாய்சோ அங்க ரொம்ப பிரபலம். அந்த டாய்சோங்கற வார்த்தைய அப்படியே திருப்பிப் போட்டா சோட்டாய். பேரத் திருப்பிப் போட்ட மாதிரியே வழியையும் திருப்பிப் போட்டாங்க, எல்லாரும் ஒண்ணு போல ஒரே கணக்குல செய்யறதுக்குப் பதிலா அவங்கவங்க ஒடம்பு எந்தப் பக்கம் சொகம்னு சொல்லுதோ அந்தப் பக்கம் மட்டும் செய்யறது.

இத உருவாக்குனவரு கெய்ஸோ ஹாஷிமோட்டோன்னு ஒரு டாக்டர். 1897-ல ஃபுகுஷிமாவுல பொறந்தவரு, செண்டாய் நகரத்துல கிளினிக் வெச்சிருந்தாரு, 1993-ல காலமானாரு. இங்கிலீஷ் வைத்தியம் முறையாப் படிச்ச மனுஷன்தான், ஆனா இடுப்பு வலி தோள் வலின்னு வர்றவங்களுக்கு தான் படிச்சது பத்தலன்னு தெரிஞ்சதும் கௌரவம் பாக்காம நாட்டு வைத்தியம் பண்றவங்க, எலும்பு பிடிச்சு விடறவங்க எல்லார்கிட்டயும் போய் பாத்துருக்காரு. நம்ம ஊரு டாக்டர் ஒருத்தர் சுளுக்கு வழிக்கற பாட்டி வீட்டுத் திண்ணைல போய் உக்காந்து கத்துக்கற மாதிரி நெனச்சுக்கோங்க. அங்கேருந்து அவர் எடுத்துக்கிட்டது ஒரே ஒரு விஷயம்: வலிக்கிற பக்கம் தள்ளாத, சொகமா இருக்கற பக்கம் நகத்து, அதுலயே கட்டு அவுறும்.

கேக்கறதுக்கு ஏமாத்து வேலை மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா ஒரு பூனையப் பாருங்க, தூங்கி எந்திரிச்சதும் முன்னங்கால நீட்டி முதுக வளச்சு சோம்பல் முறிக்கும். நாமளும் பாய்ல படுத்துக்கிட்டே கைய மேல தூக்கி ஆ...ன்னு ஒடம்ப முறுக்கி, ரெண்டு செகண்ட் இறுக்கிப் பிடிச்சு, சட்டுனு விடுவோம். யாராவது சோம்பல் முறிக்கும்போது வலிக்கற பக்கம் முறிப்பாங்களா? ஒடம்பு தானா சொகமான பக்கம்தான் போகும், கடைசில ஒரு இறுக்கு, அப்புறம் ஒரு விடுதல். சோட்டாய்ங்கறது அதேதான், கொஞ்சம் கவனிச்சு செய்யறோம். அமெரிக்காவுல லாரன்ஸ் ஜோன்ஸ்னு ஒரு ஆஸ்டியோபதி (கையாலயே எலும்பு, மூட்டு, மசில சரிபண்ற வைத்தியம்) டாக்டரும் வலி இல்லாத நெலமைல ஒடம்ப கொஞ்ச நேரம் வெச்சிருந்தா பிடிப்பு எளகுதுன்னு அவர் வழில கண்டுபிடிச்சிருக்காரு. பிடிச்சிக்கிட்ட மசில் ஒரு காவக்காரன் மாதிரி, அவன இழுத்துத் தள்ளிக்கிட்டு உள்ள போனா இன்னும் முறைப்பான், அவன் பக்கமே சாஞ்சு நின்னு பேசுனா கொஞ்ச நேரத்துல அவனே தடிய கீழ போட்டுடுவான்.

சரி, செய்யறது எப்படின்னு வருவோம். எந்த அசைவா இருந்தாலும் வரிசை ஒண்ணுதான். முதல்ல ரெண்டு பக்கமும் மெதுவா அசைச்சுப் பாத்து எது சொகம் எது கஷ்டம்னு கேக்கணும். எந்தப் பக்கம் அதிகமா வளையுதுங்கறது முக்கியமில்ல, எந்தப் பக்கம் போனா "ஆங்... நல்லாருக்கே"ன்னு தோணுதோ அதான் கணக்கு. அப்புறம் மூச்ச விட்டுக்கிட்டே அந்தச் சொகமான பக்கம் மெதுவா போறது, போதும்னு தோணற எடத்துல நிறுத்தி ஒரு மூணுலேருந்து அஞ்சு செகண்ட் லேசான தடைய எதுத்து இறுக்கிப் பிடிக்கறது, அப்புறம் கயிறு அறுந்த மாதிரி மொத்தமா பொத்துனு விட்டுடறது. விட்டதும் உடனே எந்திரிக்கவோ திரும்பிப் படுக்கவோ கூடாது, ரெண்டு மூணு மூச்சு சும்மா கெடக்கணும். இந்தச் சும்மா கெடக்கறதுலதான் பாதி வேலை நடக்குதுன்னு எனக்குத் தோணும், ஆனா நம்மாளுங்க விட்டுடறதும் இதத்தான். இப்படி ரெண்டு தடவ, மிஞ்சிப்போனா மூணு தடவ. முடிச்சதும் ஆரம்பத்துல கஷ்டமா இருந்த பக்கத்த மறுபடி அசைச்சுப் பாருங்க, பல தடவ அது தானாவே லேசாயிருக்கும்.

பொத்துனு விடறதுதான் வழக்கம், ஆனா வலி ரொம்ப உக்கிரமா இருக்கற அன்னைக்கு அந்த அதிர்ச்சியே ஒத்துக்காது, அப்போ மெதுவா விட்டாலே போதும்.

தரைல ஜமுக்காளமோ பாயோ போட்டுக்கோங்க. மெத்தை வேணாம், இலவம்பஞ்சு மெத்தைல படுத்தா இடுப்பு குழிக்குள்ள போயிடும், எந்தப் பக்கம் சொகம்னே தெரியாது.

முதல் அசைவு, இத ஒண்ண மட்டும் ஒழுங்கா கத்துக்கிட்டாலே எனக்கு சந்தோஷம். மல்லாந்து படுத்து ரெண்டு முட்டியையும் மடக்கி பாதத்த தரைல ஊன்றிக்கோங்க, முட்டி ரெண்டும் ஒட்டியோ ஒரு கையளவு தள்ளியோ இருக்கட்டும். இப்போ ரெண்டு முட்டியையும் சேத்து மெதுவா இடது பக்கம் சாயுங்க, நடுவுக்கு வாங்க, வலது பக்கம் சாயுங்க. முழுசா தரையத் தொடணும்னு எந்த சட்டமும் இல்ல. ஒரு பக்கம் போகும்போது இடுப்புல எங்கயோ ஒரு எடத்துல சுருக்னு ஒரு இழுப்பு வரும், இன்னொரு பக்கம் தொட்டில்ல ஆடற மாதிரி போகும். எனக்கு வலது பக்கம்தான் இழுக்கும், பிரேக்க மிதிச்சு மிதிச்சு வந்ததான்னு தெரியல. அப்போ நான் செய்ய வேண்டியது இடது பக்கம் மட்டும். மூச்ச விட்டுக்கிட்டே முட்டிய இடது பக்கம் சாச்சு, சொகமா இருக்கற எடத்துல நிறுத்தி, வீட்ல யாராவது இருந்தா இடது முட்டியோட வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கைய வெச்சுக்கச் சொல்லுங்க, நீங்க அந்தக் கையத் தள்ற மாதிரி லேசா அழுத்துங்க. தள்ற பலம் ஒரு திறந்து கெடக்கற கதவ நகத்தற அளவு, பூட்டுன கதவ ஒடைக்கற அளவு இல்ல. மூணு, நாலு, அஞ்சு. விடு. முட்டி எப்படி விழுதோ அப்படியே விழட்டும், கெடங்க. ஆள் இல்லன்னா இடது பக்கம் சுவரு இருக்கற மாதிரி படுத்து, நடுவுல ஒரு தலகாணிய சொருகி அதுல முட்டிய அழுத்திக்கலாம், நான் பாதி நாள் அப்படித்தான்.

ரெண்டாவது அசைவு எங்க அம்மா கதையோட சேந்தது. அம்மாவுக்கு முட்டி வலி, வயசு அறுபத்தெட்டு, தரைல உக்காந்து அரிவாமணைல காய் நறுக்குன காலமெல்லாம் முட்டிலதான் தேங்கியிருக்கு. மல்லாந்து படுக்க வெச்சு முட்டிய மடக்கச் சொல்லி, முட்டிக்குப் பின்னாடி மடியற பள்ளத்துல ரெண்டு விரல வெச்சு லேசா தடவிப் பாத்தேன். பல பேருக்கு அங்க ஒரு எடத்துல கயிறு மாதிரியோ புளியங்கொட்ட மாதிரியோ ஒரு கெட்டி தட்டுப்படும், அழுத்துனா துள்ளிடுவாங்க. அம்மா துள்ளுனாங்க. அப்புறம் குதிகால் தரைலயே இருக்க, அந்தப் பாதத்தோட முன்பக்கத்த மட்டும், அதாவது விரல்கள முழங்கால் பக்கமா மேல தூக்கச் சொன்னேன், நான் பாதத்து மேல கைய வெச்சு லேசா தடுத்தேன், ஒரு நாலு செகண்ட், அப்புறம் "விடும்மா"ன்னேன், பொத்துனு பாதம் விழுந்துச்சு. ரெண்டு தடவ அப்படி. மறுபடி அதே எடத்துல விரல வெச்சா அந்தத் துள்ளல் இல்ல. அம்மா நம்பல, நான் வேற எடத்த அழுத்தறேன்னு சண்டை. அவங்களே கைய விட்டுப் பாத்துட்டு, "போனதுதான் போச்சு, எங்க போச்சு?"ன்னு கேட்டாங்க.

முட்டித் தேய்மானம் இதுல மறையாது, மூட்டுல தேஞ்சது தேஞ்சதுதான். ஆனா தேய்மானத்தச் சுத்தி மசிலெல்லாம் பயந்து இறுகிக் கெடக்குதே, அந்தப் பங்கு கொறையுது, அம்மா படி ஏறும்போது கைப்பிடியப் பிடிக்கறது கொறஞ்சிருக்கு. ஒரு எச்சரிக்கை: கெண்டைக்கால் ஒண்ணு மட்டும் வீங்கி, சூடா, செவந்து இருந்தா அங்க கையே வைக்காதீங்க, தேய்க்கவும் கூடாது, ரத்தக்கட்டி ரத்தக்குழாய்ல அடைச்சிருக்கலாம், அன்னைக்கே டாக்டரப் பாக்கணும். நரம்பு சுருண்டு புடைச்சிருக்கறவங்களும் அந்த அழுத்திப் பாக்கற வேலைய விட்டுட்டு வெறும் பாதத்தத் தூக்கி விடறத மட்டும் செய்ங்க.

குதிகால் தள்றது இன்னும் சுலபம். மல்லாந்து படுத்து ரெண்டு காலையும் நீட்டிக்கோங்க, ஒரு குதிகால மட்டும் கீழ்நோக்கி நீட்டித் தள்ளுங்க, அந்தக் கால் ஒரு இஞ்ச் வளந்த மாதிரி. இடுப்புல அந்தப் பக்கம் எறங்கும், விலா விரியும். அப்புறம் அடுத்த கால். எது நல்லா வழுக்கிக்கிட்டு போகுதோ அது உங்க கால். தள்ளு, பிடி, விடு. பஸ்ல நின்னுக்கிட்டே வர்றவங்களுக்கும் கல்லாப்பெட்டி முன்னாடி நாள் பூரா நிக்கறவங்களுக்கும் இது ஒத்து வரும்.

குப்புறப் படுக்கறவங்களுக்கு ஒண்ணு இருக்கு, எங்க வீட்ல அதுக்குப் பேரே பல்லி. குப்புறப் படுத்து முகத்த எந்தப் பக்கம் சௌகரியமோ அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, ஒரு முட்டிய தரையோட ஒட்டினாப்லயே பக்கவாட்டுல மடக்கி அக்குள நோக்கி இழுக்கணும், சுவத்துல பல்லி ஏறும்போது ஒரு பின்னங்கால முன்னாடி கொண்டு வருமே அதே மாதிரி. ரெண்டு பக்கமும் பாத்துட்டு எளிசா வர்ற காலுக்கு மட்டும் மூச்ச விட்டுக்கிட்டே இழுத்து, முடிவுல நிறுத்தி, விட்டுடுங்க. இடுப்புக்கும் தொடைக்கும் நடுவுல இருக்கற அந்த வலி, நிக்கும்போது கைய வெச்சுக்கறோமே அந்த எடம், அதுக்கு இது மாதிரி வேற ஒண்ணும் நான் பாக்கல. சாப்ட்டதும் செய்யாதீங்க, வயிறு அமுங்கும். புள்ளத்தாச்சிங்க இத விட்டுடுங்க, மத்ததையும் உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்ங்க.

ஆபீஸ் ஆளுங்களுக்கு நாற்காலிலேயே ஆகும். நுனில உக்காந்து ரெண்டு பாதத்தையும் தரைல நல்லா வெச்சு, கைய மார்ல கட்டிக்கிட்டு, மொத்த ஒடம்பையும் இடுப்புலேருந்து இடது திரும்புங்க, வலது திரும்புங்க. எந்தப் பக்கம் சொகம்? அந்தப் பக்கமே மூச்ச விட்டுத் திரும்பி, அங்க அஞ்சு செகண்ட் நின்னு, தொப்புனு தளந்து விட்டுடுங்க. கழுத்துக்கும் அதேதான், ஆனா கழுத்துக்குத் தடைன்னு கன்னத்துல ஒரே ஒரு விரல் போதும், யாரையும் கழுத்தப் பிடிச்சு திருப்ப விடாதீங்க, சலூன்ல முடி வெட்டி முடிச்சதும் டொக்குனு ஒரு திருப்பு திருப்புவாங்களே, அந்த சத்தம் சொகமா இருக்குன்னு எனக்கும் தெரியும், ஆனாலும் வேணாம், கழுத்துக்குள்ள மூளைக்குப் போற ரத்தக்குழாய் இருக்கு. தோளுக்கு: மூச்ச இழுத்துக்கிட்டே ரெண்டு தோளையும் காத தொடற மாதிரி தூக்கி, பிடிச்சு, மூச்சோட சேத்து டபக்குனு கீழ போடறது. எங்க ஆபீஸ்ல நான் இத செய்யறத பாத்துட்டு முதல் ரெண்டு நாள் "என்ன சார், எதுக்கெடுத்தாலும் தெரியாதுன்னு தோள குலுக்கறீங்க"ன்னு கிண்டல் பண்ணாங்க, இப்போ மார்ச் மாசக் கணக்கு முடிக்கற நேரத்துல மொத்த செக்ஷனும் குலுக்குது.

போஸ்சர்னு சொன்னதும் எல்லாரும் நெஞ்ச நிமித்தி போலீஸ் பரேடு மாதிரி நிக்கறாங்க, ஒரு நிமிஷம் நிக்கலாம், அப்புறம் பழையபடி கூன். வம்பா நிமுந்தா உள்ள ஒரு இழுப்பு இன்னொரு இழுப்போட மல்லுக்கட்டும், அவ்ளோதான். உங்க ஒடம்பு எந்தப் பக்கம் கோணியிருக்குன்னு தெரியணும்னா பழைய செருப்ப எடுத்துத் திருப்பிப் பாருங்க, ஒரு குதிகால் மட்டும் வெளிப்பக்கம் அதிகமா தேஞ்சிருக்கும். ஹேண்ட்பேக் ஒரு தோள்ல மட்டும் வழுக்கி வழுக்கி விழும். சேல கட்டறவங்களுக்கு கொசுவம் ஒரு பக்கம் எறங்கியே இருக்கும். முதல் அசைவ செய்யறதுக்கு முன்னாடி கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டு தோளும் எவ்ளோ மேடு பள்ளம்னு பாத்துக்கோங்க, செஞ்சு முடிச்சு எந்திரிச்சு மறுபடி பாருங்க. கீழ இடுப்புல ஒரு கட்டு அவுந்தா மேல தோள் எறங்கறத நான் என் சட்டைலயே பாத்திருக்கேன், பட்டன் வரிசை நேரா வந்துச்சு.

படுத்து செய்யறது பத்து நிமிஷம், மிச்ச நாள் பூரா நாம எப்படிக் குனியறோம் தூக்கறோம்ங்கறதுக்கும் ஹாஷிமோட்டோ கணக்கு வெச்சிருக்காரு. முன்னாடி குனியும்போது இடுப்பு பின்னாடி போகணும். நான் அன்னைக்கு பக்கெட்டுக்குக் குனிஞ்சப்ப இடுப்ப அங்கயே நிறுத்திட்டு முதுக மட்டும் வளச்சேன், அதான் மாட்டுனேன். பின்னாடி சாயும்போது இடுப்பு முன்னாடி வரணும். ஒரு பக்கம் வளைஞ்சா ஒடம்போட எடை எதிர்ப்பக்கக் கால்ல நிக்கணும், ஒரு பக்கம் திரும்புனா திரும்பற பக்கக் கால்ல எடைய வாங்கிக்கணும். நின்னுக்கிட்டு ஒரு தடவ மாத்தி மாத்தி செஞ்சு பாருங்க, எது சரி எது தப்புன்னு இடுப்பே சொல்லிடும். இன்னொண்ணு, கைல எதையாவது தூக்கும்போது பலம் சுண்டுவிரல் பக்கம் இருக்கட்டும், கால் ஊன்றும்போது கட்டைவிரல் பக்கம். காய்கறிப் பையத் தூக்கறப்ப சுண்டுவிரலையும் சேத்து இறுக்கிப் பிடிச்சுப் பாருங்க, முழங்கை ஒடம்போட வந்து ஒட்டிக்கும், தோள் தொங்காது. தேவனாம்பட்டினம் பக்கம் மீன் கூடைய தூக்கித் தலைல வெக்கற அம்மாங்கள ஒரு நாள் நின்னு கவனிச்சேன், ஒருத்தரும் முதுக வளைச்சுத் தூக்கல, பின்பக்கத்த தள்ளி உக்காந்து எந்திரிக்கறாங்க. அவங்களுக்கு யாரும் ஜப்பான்லேருந்து வந்து சொல்லிக்குடுக்கல.

இனி சொதப்பல்கள், எல்லாம் நானே பண்ணுனது. முதல் தப்பு, ரெண்டு பக்கமும் சமமா செய்யணுமேன்னு மனசு கேக்காம கஷ்டமான பக்கத்தையும் "சும்மா ரெண்டே ரெண்டு" செய்யறது. எங்க அம்மாவுக்கும் இதுலதான் கோவம், "டேய், வலிக்கற கால விட்டுட்டு நல்லா இருக்கற காலையே புடிச்சிக்கிட்டு இருக்கியே, டாக்டரு நோயாளிய விட்டுட்டு தொணைக்கு வந்தவனுக்கு ஊசி போடற மாதிரி இருக்கு"ன்னாங்க. அப்படியே இருக்கட்டும்மா. அடுத்தது பலம். பிடிச்சுக்கற ஆளு எதுத்துத் தள்ளி ஜெயிக்கப் பாக்கக்கூடாது, என் பையன் என் முட்டிய அமுக்கறத பஞ்சா குஸ்தின்னு நெனச்சுட்டான், அன்னைக்கு இன்னும் பிடிச்சுக்கிச்சு. பிடிக்கறவரு சுவரு மாதிரி சும்மா இருக்கணும், நீங்கதான் அசையணும். அப்புறம் எண்ணிக்கை, ரெண்டு தடவைல நல்லாருக்கேன்னு இருபது தடவ செஞ்சா மறுநாள் வேற எடம் வலிக்கும். மூச்ச அடக்கிக்கறதும் உண்டு, பிரஷர் இருக்கறவங்க முக்கியமா கவனிங்க, பிடிச்சிருக்கற அந்த நாலு செகண்டும் மூச்சு போய்க்கிட்டே இருக்கணும், சத்தமா ஒண்ணு ரெண்டு எண்ணுனா தானா மூச்சு அடங்காது.

எந்தப் பக்கம் போனாலும் வலிக்குதேன்னா? அசைவ சின்னதாக்குங்க, ஒரு விரற்கடை அளவு சாஞ்சா போதும். அதுவும் வலிச்சா அந்த எடத்தயே விட்டுடுங்க, இடுப்பு வலிக்கு கணுக்கால்ல ஆரம்பிங்க, பாதத்த உள்ளயும் வெளியயும் திருப்பிப் பாத்து சொகமான பக்கம் ரெண்டு தடவ. இடுப்பு பிடிச்ச அன்னைக்கு நான் குப்புறவும் படுக்க முடியாம மல்லாக்கவும் படுக்க முடியாம ஒருக்களிச்சுக் கெடந்து, பாதத்துல ஆரம்பிச்சு முக்கா மணி நேரத்துல முட்டி வரைக்கும் வந்தேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சொகமா இருந்தா அந்த அசைவுல உங்களுக்கு வேலை இல்லன்னு அர்த்தம், அடுத்ததுக்குப் போங்க.

இதுக்கு மேல சொல்றத கிண்டல் இல்லாம சொல்றேன். நெஞ்சுல பாரம், இடது கை, தாடை, நடு முதுகுன்னு வலி பரவி வேர்த்துக் கொட்டுனா அத வாயுன்னு சொல்லிக்கிட்டு பூண்டும் சோடாவும் குடிக்காதீங்க, சோட்டாயும் வேணாம், 108-க்கு ஃபோன் போடுங்க. நம்ம பக்கம் வாயுப் பிடிப்புங்கற ஒரு வார்த்தைக்குள்ள ஹார்ட் அட்டாக்கையும் போட்டு மூடிடறோம். காலுக்குள்ள மரத்துப் போறது, பாதம் தூக்க முடியாம இழுத்துக்கிட்டு நடக்கறது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு இல்லாம போறது, தொடை நடுவுல உணர்ச்சி இல்லாம போறது, இதெல்லாம் டிஸ்க் நரம்ப அழுத்தற அடையாளம், கடைசி ரெண்டுல எது இருந்தாலும் மறுநாள் வரைக்கும் கூட காத்திருக்கக்கூடாது. வண்டிலேருந்து விழுந்து வலி, காய்ச்சலோட முதுகு வலி, காரணமில்லாம எடை கொறைஞ்சு ராத்திரி படுத்தா அதிகமாகற வலி, ஆபரேஷன் ஆகி கொஞ்ச நாள்தான் ஆச்சு, எலும்பு சத்து கொறைஞ்சிருக்குன்னு சொல்லியிருக்காங்க, இவங்க எல்லாம் முதல்ல டாக்டர், அப்புறம்தான் பாய்.

நேரம்னு பாத்தா ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம்தான் எனக்கு சரியா வருது. நாள் பூரா சேந்த முறுக்க அவுத்துட்டுப் படுத்தா காலைல எந்திரிக்கும்போது அந்த முதல் அடி மரக்கட்டை மாதிரி இல்ல. காலைல கண்ணு முழிச்சதும் பாய்லயே குதிகால் தள்றது மட்டும் ரெண்டு தடவ. ஹாஷிமோட்டோ மூச்சு, சாப்பாடு, அசைவு, மனசு நாலும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்குது, ஒண்ணு சரியானா மத்ததும் கூடவே வரும்னு நெனச்சவரு, அதனால செல்ஃபோன்ல நியூஸ் பாத்துக்கிட்டே முட்டிய ஆட்டாதீங்க, எது சொகம்னு கேக்கறதுக்கு காது அங்க இருக்கணும்ல.

எத்தன நாள்ல சரியாகும்னு கேப்பீங்க. எனக்கு முதல் நாளே லேசாச்சு, மறுநாள் பாதி திரும்ப வந்துச்சு, மூணாவது வாரம்தான் வேகத்தடைல பயமில்லாம ஏறி எறங்குனேன். இப்பவும் மாசம் ஒரு தடவ எட்டிப் பாக்கும், வந்தா அன்னைக்கு ராத்திரி முட்டி சாய்க்கறதும் பல்லியும். நடுவுல கன்னியக்கோயில்ல ஒரு டீக்கடைல வண்டிய நிறுத்தி எறங்கி, இடுப்ப பின்னாடி தள்ளி ரெண்டு தடவ குனிஞ்சு நிமுந்துட்டு டீ குடிச்சுட்டு கெளம்பறேன், ஒரே மூச்சுல பாண்டி வரைக்கும் ஓட்டறத விட்டுட்டேன். ஐப்பசி கார்த்திகை மழைல தரை சில்லுனு இருக்கும், வெறும் பாய்ல முதுக வெச்சா அந்தக் குளிருக்கே மசில் சுருங்கிக்கும், அப்போ ஜமுக்காளத்த ரெண்டா மடிச்சு பாய் மேல போட்டுட்டு படுங்க.